பிள்ளையின் மூளையில் படியும் ஈயம்

(கல்முனையில் பெற்றோரும் ஆசிரியரும் கடற்றொழிலாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு என் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இக்கரையோரப் பாடசாலை ஒன்றிலே நான்காம் வகுப்புக்கு நான் ஆசிரியனாக இருந்தேன். அவ்வகுப்பிலே ஒரு மீனவரின் மகன் படித்தான். ஒன்பது வயது. ஓரிடத்தில் இரான். ஒரு கணக்கைத் தொடங்கினால் முடிக்கமாட்டான். "புத்தகத்தை எடு, பத்தாம் பக்கத்தைத் திற, மூன்றாம் வினாவைச் செய்" என்று மூன்று கட்டளைகளை ஒருசேரச் சொன்னால், முதலாவதைச் செய்துவிட்டு விழிப்பான். சிறு தடை ஏற்பட்டாலும் சினந்து கொப்பியைக் கிழிப்பான். நான் அவனை அடித்தேன். ஒருநாள் இருநாள் அல்ல, அந்த ஆண்டு முழுவதும் அடித்தேன். "மடையன்" என்று வகுப்பறிய அழைத்தேன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனான்.

அவனைப் பற்றி முறையிட ஓரிரவு அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அடுப்பில் சிரட்டை எரிந்தது. அதன்மேல் பழைய சட்டி ஒன்று. அதற்குள் வலைக்குக் கட்டும் குண்டுகளை வார்ப்பதற்காக ஈயம் உருகிக்கொண்டிருந்தது. என் மாணவன் அருகிலிருந்து விசிறினான். அவனுடைய தங்கை, ஆறிக் கிடந்த குண்டொன்றை வாயிலிட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் தேநீர் அருந்தி, முறைப்பாட்டைச் சொல்லித் திரும்பினேன்.

அவனுடைய குழப்பத்துக்கு ஈயமே காரணம் என்று நான் வழக்குரைக்க வரவில்லை. அவ்வீட்டில் வறுமை இருந்தது, பசி இருந்தது, என் கற்பித்தலிலும் குறை இருந்திருக்கும். அவனுடைய குருதியை அன்று எவரும் அளக்கவில்லை. ஆயினும், அந்தச் சட்டியை நான் என் கண்ணால் கண்டேன். கண்டதன் பொருளை அறியாமல் பிரம்பை எடுத்தேன். அந்த அறியாமையைப் போக்கும் முயற்சியே இவ்வுரை.

எந்த ஈயம்?

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கும். செப்புப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசுவது வெள்ளீயம். அதனால் இப்பேச்சில் குற்றம் சாட்டப்படுவது எதுவுமில்லை. வலைக்குக் கட்டுவதும், பற்றரித் தகட்டில் இருப்பதும், பழைய வர்ணங்களிற் கலந்திருப்பதும் காரீயம். நான் ஈயம் என்று சொல்லும்போதெல்லாம் காரீயத்தையே கருதுகிறேன். பென்சிலின் கருங்குச்சியைச் சிலர் காரீயம் என்பர். அது கரியின் ஒரு வகை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஈயம் பாரமானது, மலிவானது, துருப்பிடிக்காதது. 327 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆகையால் உலைக்களம் வேண்டியதில்லை, வீட்டு அடுப்பே போதும். இக்குணங்களாலேயே மனிதன் அதை விரும்பினான். ஆனால் மனித உடலிலே ஈயத்துக்கு ஒரு வேலையும் இல்லை. இரும்பு குருதிக்கு வேண்டும், சுண்ணாம்புச் சத்து எலும்புக்கு வேண்டும். ஈயம் எதற்கும் வேண்டாத விருந்தாளி.

அது எவ்வாறு உள்ளே நுழைகிறது?

வளர்ந்தவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால், குழந்தையின் உடல் நான்கு ஐந்து மடங்கு கூடுதலாக அதை ஏற்றுக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தவழும் குழந்தை நிலத்தைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. அது பிள்ளையின் இயல்பு. அந்த நிலத்தில் ஈயத் தூசு இருந்தால், அதுவே அப்பிள்ளையின் அன்றாட நஞ்சாகிறது. வெறும் வயிறாக இருந்தால் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளையின் உடலோ, அவற்றைத் தேடும் அவாவில் ஈயத்தையும் அள்ளிக்கொள்கிறது. ஆகவே ஏழைப் பிள்ளைக்கு இந்த நஞ்சு இரட்டிப்பாகிறது.

உடலுக்குள் சென்ற ஈயம் சுண்ணாம்புச் சத்தின் வேடத்தைப் புனைந்துகொள்கிறது. மூளையில் ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்துக்குச் செய்தி அனுப்புவதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்த வாயிலில் ஈயம் போய் நின்றுகொண்டு செய்தியைத் தடுக்கிறது, அல்லது வேளை தவறி அனுப்புகிறது. பிறந்தது முதல் ஐந்தாறு வயது வரை ஒரு பிள்ளையின் மூளை கோடிக்கணக்கான தொடர்புகளை நெய்கிறது. பயன்படும் இழையை வைத்துக்கொண்டு, பயன்படாததை அறுத்துவிடுகிறது. எமது மருதமுனைத் தறியிலே பாவு ஓடும் வேளையில் யாரோ ஒருவர் கைபோட்டு இழைகளை மாற்றிவிட்டால் என்னவாகும்? துணி வெளியே வரும். நெருங்கிப் பார்த்தால்தான் பிழை தெரியும். ஆனால் அதன் பின்னர் இழையைத் திருத்த முடியாது.

மூளையின் முன்பகுதிதான் அதிகம் பாதிக்கப்படுகிறது. பொறுத்திரு, யோசி, முதலில் இதைச் செய், பின்னர் அதைச் செய் என்று மனிதனுக்குள் இருந்து கட்டளையிடும் பகுதி அது. அதனால்தான் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் நோயின் குறி தெரிவதில்லை. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. கவனமின்மை, பதற்றம், மறதி, முன்கோபம் ஆகியவையே தெரிகின்றன. அவற்றை நாம் நோய் என்று அழைப்பதில்லை, குணம் என்று அழைக்கிறோம்.

தாய்மார்கள் இன்னொன்றை அறிய வேண்டும். உடலில் சேரும் ஈயத்தின் பெரும்பங்கு எலும்பிலே பல்லாண்டு தங்குகிறது. கருவுற்ற காலத்தில், பிள்ளையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரையும்போது, அந்தப் பழைய ஈயமும் குருதியில் இறங்கிக் கருவை அடைகிறது. தாய் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த நஞ்சு, அவள் பெறும் பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது!

உலகம் அறிந்த வழி

இவ்வுண்மையை உலகம் ஒரேநாளில் அறியவில்லை. 1904ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் லொக்காட் கிப்சன் என்ற கண் வைத்தியர், அங்குள்ள பிள்ளைகளின் நோய்க்கு வீட்டு விறாந்தைக் கிராதிகளிற் பூசிய ஈய வர்ணமே காரணம் என்று எடுத்துரைத்தார். வெயிலில் வர்ணம் தூளாக உதிர்ந்தது, பிள்ளைகள் கிராதியைப் பிடித்த கையை வாயில் வைத்தனர். 1922இல் குயின்ஸ்லாந்து அதற்குச் சட்டம் இயற்றியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே சர்வதேசத் தொழில் தாபனம் வெள்ளை ஈய வர்ணத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையைச் செய்திருந்தது.

ஆயின், அதே இருபதுகளில் அமெரிக்காவிலே மோட்டார் எஞ்சின் ஓசையின்றி ஓடுவதற்காகப் பெற்றோலில் ஈயத்தைக் கலந்தனர். 1924இல் நியூ ஜேர்சியில் அந்தக் கலவையைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அலிஸ் ஹமில்ற்றன் என்ற பெண் வைத்தியர் எச்சரித்தார். இலாபத்தின் ஓசையில் அவர் குரல் அமுங்கிற்று. உலகின் தெருக்களெல்லாம் ஈயப் புகை பரவியது. கடைசியாக அல்ஜீரியா அதைக் கைவிட்டது 2021ஆம் ஆண்டிலேதான். எமது இலங்கை 2002இல் கைவிட்டது.

ஆசிரியர்களே, அடுத்து நான் சொல்வதை நீங்கள் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே ஹேர்பேட் நீடில்மன் என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். குருதியில் உள்ள ஈயம் சில வாரங்களிற் குறைந்துவிடும், பல்லில் உள்ளது குறையாது என்று கண்டு, முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்தார். பற்களில் ஈயத்தை அளந்தார். அவ்வளவை அறியாத வகுப்பாசிரியர்களிடம் பிள்ளைகளின் நடத்தை பற்றிச் சில கேள்விகளைக் கொடுத்தார். இப்பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறதா? தொடங்கியதை முடிக்கிறானா? எளிதில் மனமுடைகிறானா? தொடர்ச்சியான கட்டளைகளைப் பின்பற்றுகிறானா? இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் விடை எழுதினர். 1979இல் முடிவு வெளிவந்தது. பல்லில் ஈயம் ஏற ஏற, ஆசிரியரின் குறைகூறலும் படிப்படியாக ஏறியிருந்தது.

நண்பர்களே, அந்தக் கேள்விகளை அன்று என்னிடம் எவரேனும் நீட்டியிருந்தால், என் மாணவனைப் பற்றி நானும் அதே விடைகளை எழுதியிருப்பேன். அந்த ஆசிரியர்கள் எழுதிய சொற்களையே நான் பிரம்பால் எழுதினேன்.

நீடில்மன் அப்பிள்ளைகளை மறக்கவில்லை. அவர்களில் 132 பேரைப் பதினொரு ஆண்டுகளின் பின் தேடிக் கண்டு, 1990இல் மீண்டும் எழுதினார். பாற்பல்லில் ஈயம் மிகுந்திருந்தவர்கள் பாடசாலைப் படிப்பை முடிக்காமல் விலகும் வாய்ப்பு ஏழு மடங்காக இருந்தது. வாசிப்பில் இடர்ப்படும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது.

எவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம். ஒரு லீற்றரில் பத்தில் ஒரு பங்கு குருதியை எடுத்து, அதிலுள்ள ஈயத்தை மைக்கிரோகிராமில், அதாவது கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில், கணக்கிடுவது வழக்கம். அமெரிக்கரின் எச்சரிக்கை எல்லை அறுபதுகளில் 60 ஆக இருந்தது. 1991இல் 10 ஆகியது. 2012இல் 5 ஆகியது. 2021இல் 3.5 ஆகியது. ஆராய ஆராய எல்லை கீழே இறங்கிக்கொண்டே வந்தது. தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாது என்பதே இன்று உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

2005ஆம் ஆண்டில் புறூஸ் லான்பியரும் அவருடன் சேர்ந்த அறிஞர்களும் பல நாடுகளின் 1,333 பிள்ளைகளின் கணக்கை ஒன்றாக்கிப் பார்த்தனர். குருதி ஈயம் 2.4இலிருந்து 10க்கு ஏறும்போது அறிவு ஈவு ஏறத்தாழ நான்கு புள்ளி குறைந்தது. 10இலிருந்து 20க்கு ஏறும்போது மேலும் இரண்டு புள்ளியே குறைந்தது. முதல் துளியே மிகக் கொடியது என்பது இதன் பொருள். நான்கு புள்ளி என்ன பெரிதா என்று எண்ணாதீர்கள். ஒரு பிள்ளைக்கு அது சிறிதாகத் தோன்றலாம். ஓர் ஊர் முழுவதும் நான்கு புள்ளி இறங்கினால், அவ்வூரிலிருந்து பல்கலைக்கழகம் செல்வோர் தொகை சுருங்கும். வகுப்பின் கடைசி வாங்கு நீளும்.

சென்னையில் அளந்தார்கள்

இவையெல்லாம் வெள்ளையர் நாட்டுக் கதைகள், எமது பிள்ளைகளுக்கு எங்ஙனம் பொருந்தும் என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. கடலுக்கு அப்பால், நாம் பேசும் தமிழையே பேசும் பிள்ளைகளிடத்தில் இதை அளந்திருக்கிறார்கள். சென்னையிலே மூன்று முதல் ஏழு வயது வரையான 756 பாடசாலைப் பிள்ளைகளின் குருதியைச் சோதித்தனர். ஸ்ரீ இராமச்சந்திர மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் முதலானோரும், அமெரிக்க அறிஞர்களான அனன்யா ராய், ஹவார்ட் ஹு முதலானோரும் சேர்ந்து செய்த ஆய்வு இது. 2009இல் வெளிவந்தது. இந்தியா பெற்றோலில் ஈயத்தைக் கைவிட்டது 2000ஆம் ஆண்டில். அதற்குப் பின்னும் இப்பிள்ளைகளின் குருதியில் சராசரி 11.4 மைக்கிரோகிராம் ஈயம் இருந்தது.

இங்கும் பிள்ளைகளின் நடத்தையை எழுதித் தந்தவர்கள் வகுப்பாசிரியர்களே. குருதியில் ஈயம் கூடியிருந்த பிள்ளைகளிடம் பதகளிப்பும், கவனமின்மையும், மிகைத் துடிப்பும், மற்றப் பிள்ளைகளோடு பழகுவதில் இடர்ப்பாடும் கூடியிருந்தன. திட்டமிட்டு ஒன்றைச் செய்து முடிக்கும் ஆற்றல் குறைந்திருந்தது. பொஸ்ரன் பிள்ளைகளிடம் கண்ட அதே குறிகள் சென்னைப் பிள்ளைகளிடமும் தோன்றின. ஈயத்துக்கு மொழியும் இனமும் மதமும் தெரியாது.

பிற்காலம் என்னவாகும்?

சிறுவயதில் ஏற்பட்ட இழப்பு வளர்ந்தபின் ஈடாகிவிடுமா? நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இற் பிறந்தவர்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து ஆராய்கிறார்கள். அங்கே செல்வர் வீட்டுப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளையும் ஒரே பெற்றோல் புகையைச் சுவாசித்தனர். ஆகையால் வறுமையின் விளைவை ஈயத்தின் விளைவாக மயங்க வேண்டியதில்லை. பதினொரு வயதில் குருதியில் ஈயம் மிகுந்திருந்தவர்கள், 38 வயதில் அறிவு ஈவில் பின்தங்கியிருந்தனர். தம் பெற்றோர் எட்டிய தொழில் நிலையிலிருந்தும் கீழே இறங்கியிருந்தனர் என்று 2017இல் கண்டனர்.

அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில், கருவிலிருந்தே குருதி அளக்கப்பட்ட 157 பேர் இளைஞரானதும் அவர்களுடைய மூளையைக் காந்தக் கருவியாற் படம் பிடித்தனர். சிறுவயதில் ஈயம் மிகுந்தவர்களின் மூளை முன்பகுதி சுருங்கியிருந்தது. ஆண்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. அந்நகரிலேயே, ஈயம் மிகுந்திருந்தவர்கள் பின்னாளில் பொலீசாராற் கைதுசெய்யப்பட்ட தொகையும் கூடுதலாக இருந்தது. இவை இரண்டும் 2008இல் வெளிவந்தவை.

இதைக் கேட்டு எந்தத் தாயும் நெஞ்சுடைய வேண்டாம். ஈயம் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எழுதிவிடுவதில்லை. நல்ல உணவும், அன்பான வீடும், பொறுமையான ஆசிரியரும் பிள்ளையை உயர்த்தும். குழப்படி செய்யும் பிள்ளையெல்லாம் ஈயம் உண்ட பிள்ளை என்பதும் தவறு. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. இழந்ததைத் திருப்பித் தரும் மருந்து கிடையாது. ஈயத்தைக் குருதியிலிருந்து இறக்கும் மருந்தை 780 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2001இல் முடிவு சொன்னார்கள். ஈயம் இறங்கியது, அறிவு ஏறவில்லை. உயிராபத்தான வேளையில் அம்மருந்து உயிரைக் காக்கும், கலைந்த இழையைத் திரும்ப நெய்யாது. ஆகவே வருமுன் காத்தல் ஒன்றே வழி.

எமது கரையோரத்தில்

நிந்தவூர் முதல் மருதமுனை வரை, அக்கரைப்பற்று முதல் பொத்துவில் வரை, எமது வீடுகளில் ஈயம் எங்கே இருக்கிறது?

முதலாவது, வலை. செனகல் நாட்டிலே டக்கார் நகருக்கு அருகில் தியாறோய் என்று ஒரு மீனவர் ஊர் உண்டு. எமது ஊரைப் போலவே கடலும் மணலும் வள்ளமும் கொண்ட ஊர். பழைய பற்றரியிலிருந்து ஈயத்தை எடுத்து வலைக்குண்டு வார்ப்பது அங்கே நெடுநாள் வழக்கம். பின்னர் ஈயத்தின் விலை ஏறவே, பெண்கள் மணலைச் சலித்து ஈயத் துணிக்கைகளைச் சேர்த்து விற்கத் தொடங்கினர். 2007இன் இறுதியிலிருந்து 2008இன் தொடக்கம் வரை சில மாதங்களுக்குள் 18 குழந்தைகள் மாண்டனர். மணலிற் கிடந்த ஈயத்தை எவரும் நஞ்சு என்று கருதவில்லை.

மீனவச் சகோதரர்களே, ஈயத்தை வீட்டில் உருக்காதீர்கள். வார்த்த குண்டையே கடையில் வாங்குங்கள். உருக்கியே ஆகவேண்டுமாயின் வீட்டுக்கும் வாடிக்கும் எட்ட, காற்றோட்டமான வெளியிலே, பிள்ளையும் கர்ப்பிணியும் அணுகாத இடத்தில் செய்யுங்கள். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. மேலே படரும் சாம்பல் நிறக் கசடுதான் மிகக் கெட்டது. காற்றில் பறந்து மணலோடு கலக்கும். குண்டைப் பல்லாற் கடித்து நூலில் இறுக்கும் பழக்கத்தை விடுங்கள், குறடு எடுங்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள்.

இரண்டாவது, பற்றரி. உழவு இயந்திரத்திலும் ஓட்டோவிலும் வயலோரத்து யானை வேலியிலும் இருப்பது ஈயப் பற்றரி. பழுதான பற்றரியை உடைப்பதும், அதன் நீரை வளவில் ஊற்றுவதும், ஓட்டைக் கழுவித் தண்ணீர் அள்ளுவதும் கூடாத செயல்கள். பழையதை முழுமையாகக் கடையில் கொடுத்துப் புதியதை வாங்குங்கள். கராச்சில் வேலை செய்யும் தந்தை, வேலை உடையோடு வந்து பிள்ளையை மடியில் வைப்பாராயின், அந்த உடையே நஞ்சைச் சுமந்து வரும்.

மூன்றாவது, வர்ணம். சுற்றாடல் நீதிக்கான மையம் எமது நாட்டு வர்ணங்களைச் சோதித்து உண்மையை வெளிக்கொணர்ந்தது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2011இல் வர்த்தமானியில் எல்லை விதித்தது. 2013 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. எனாமல் வர்ணத்துக்கு அன்று விதித்த எல்லை பத்து இலட்சத்தில் 600 பங்கு. ஆனால் நினைத்துப் பாருங்கள்! 2004 டிசம்பர் 26இல் கடல் எமது ஊர்களை விழுங்கியது. அதன்பின் எழுந்த வீடுகள் பெரும்பாலும் இச்சட்டத்துக்கு முன்னரே வர்ணம் தீட்டப்பட்டவை. அவற்றின் கதவும் சன்னலும் கிராதியும் இப்போது உப்புக்காற்றில் செதிலாக உதிர்கின்றன. பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையிலே தேய்க்காதீர்கள், எரிக்காதீர்கள். நனைத்து உரியுங்கள். பிள்ளைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள். நிலத்தை உலர்ந்த தும்புத்தடியாற் கூட்டுவதை விட ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

நான்காவது, சுறுமாவும் மஞ்சளும். சுறுமா என்ற பெயரில் பல நாடுகளில் விற்கப்படும் கறுத்தத் தூள் பலவற்றில், அஞ்சனக் கல்லுக்குப் பதிலாக ஈயக் கல்லே இருப்பதாகச் சோதனைகள் காட்டின. பச்சைக் குழந்தையின் கண்ணுக்கு அதைத் தீட்டவேண்டாம். மஞ்சளுக்கு நிறம் ஏற்றுவதற்காக ஈயக் குரோமேற்று என்னும் மஞ்சள் வர்ணத்தைக் கலக்கும் வஞ்சகம் தென்னாசியாவிற் பல இடங்களில் பிடிபட்டுள்ளது. கண்கூசும் மஞ்சளை நாடாமல், கிழங்காக வாங்கி வீட்டில் இடியுங்கள்.

ஐந்தாவது, உணவு. வெறும் வயிற்றோடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். முள்ளோடு உண்ணும் நெத்தலியும், பாலும், முருங்கைக் கீரையும், பருப்பும் ஈயம் ஏறும் வழியை ஓரளவு அடைக்கும். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிக்குத் தரும் இரும்புக் குளிசையைப் பரணில் போடாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியவை

வீட்டில் மட்டும் கதவடைத்தால் போதுமா? போதாது. பெற்றோலில் இருந்த ஈயத்தை எந்தத் தாயும் துடைப்பத்தாற் கூட்டித் தள்ளவில்லை, அரசாங்கத்தின் கட்டளையே நீக்கியது. பங்களாதேசத்தைப் பாருங்கள். 2019இல் அங்கே சந்தை மஞ்சளைச் சோதித்தபோது நூற்றுக்கு 47 மாதிரிகளில் ஈயம் இருந்தது. அறிஞர்கள் உண்மையை அரசாங்கத்தின் முன் வைத்தனர். அதிகாரிகள் சந்தையில் இறங்கினர், கலப்படக்காரருக்குத் தண்டம் விதித்தனர், பத்திரிகைகள் ஊர் ஊராகச் செய்தியைக் கொண்டுசென்றன. 2021இல் ஒரு மாதிரியிலும் ஈயம் இல்லை. செல்வம் மிகுந்த நாடு அல்ல அது. அங்கே இயன்றது இங்கே இயலாதா?

ஆகவே சில கோரிக்கைகளை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். கல்முனைப் பிராந்தியச் சுகாதாரத் திணைக்களம் கரையோரப் பிள்ளைகளின் குருதியில் ஈயத்தை அளக்கட்டும். வலை வார்ப்போரின் வீட்டுப் பிள்ளைகளையும் கராச் தொழிலாளரின் பிள்ளைகளையும் முதலில் அளக்கட்டும். குருதியில் 5 மைக்கிரோகிராமோ கூடுதலோ காணப்பட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நெறி. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. எமது மண்ணையும் வர்ணத்தையும் மஞ்சளையும் சோதிக்க அதன் அறிஞர்கள் முன்வர வேண்டும். பழைய பற்றரியைச் சேகரிப்போரிடம் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் உண்டா என்று உள்ளூராட்சி சபைகள் கேட்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகளின் மஞ்சட்டூளை மாதிரி எடுக்க வேண்டும். பாடசாலைகளுக்கு வர்ணம் பூசும்போது, ஈயமில்லாத வர்ணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியும் விளக்கும் கேட்கிறோம். இவற்றையும் கேட்போம்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை அடிக்கும் முன், அவன் வீடு எங்கே, தந்தையின் தொழில் என்ன, காலையில் உண்டானா என்று கேளுங்கள். மூன்று கட்டளையை ஒன்றாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அதற்குப் பணம் வேண்டாம்.

கடந்த ஆண்டு அந்தப் பழைய மாணவன் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தான். இளைய மகளின் கலியாணம். இன்று அவனும் வலைக்காரன். கொல்லைப்புறத்தில் அதே போன்ற சட்டி ஒன்று கிடந்தது. மூத்த மகளின் பிள்ளை, மூன்று வயதுப் பையன், அதனருகில் மணலளைந்தான். "சேர், எனக்குத்தான் படிப்பு ஏறல்ல. இவனாவது படிக்க வேணும்" என்றான். அப்போதுதான் எனக்கு நா எழுந்தது. அறிந்தவற்றையெல்லாம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "நீங்க அண்டைக்குச் சொல்லல்லியே, சேர்" என்றான். அதிலே கோபம் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை இன்றளவும் சுடுகிறது. அடுத்த நாட்காலை அவன் சட்டியையும் வார்ப்பச்சையும் எடுத்துக் கடற்கரையின் ஒதுக்குப்புறத்துக்குக் கொண்டுபோய்விட்டான். பிள்ளை அளைந்த மணலை வெட்டி அகற்றிப் புதுமணல் பரப்பினான்.

அன்று சொல்லாததை இன்று உங்கள் அனைவரிடமும் சொல்லிவிட்டேன். இனி, அறியவில்லை என்று நம்மில் எவரும் சொல்ல இயலாது. இங்கிருந்து வீடு திரும்பியதும், பிள்ளை உறங்குகிறதா என்று பார்ப்பீர்கள். அப்படியே அது விளையாடும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள்.